தண்ணீர்விட்டான் கிழங்கு

தண்ணீர்விட்டான், முள்ளுள்ள ஒரு படர்கொடி. தாவரவியலில் அஸ்பாரகஸ் ரசிமோசஸ் எனப்படும். 1799-இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்டெனோவ் இப்பெயரை வெளியிட்டார். வடமொழி மருத்துவ நூல்களில் இது சதாவரி. தமிழில் நீர்விட்டான், சதாமூலி என்றும், இலங்கையில் சாத்தாவாரி என்றும் வழங்கும். தாய்ப்பால் சுரக்கவும், கருப்பை வலுப்பெறவும், பெண்ணின் காமவேட்கை குன்றாமல் இருக்கவும் உதவும் என்ற நம்பிக்கையோடு இதன் கிழங்கு நெடுங்காலமாக உண்ணப்பட்டு வருகிறது. முதல் இரண்டு பயன்களுக்கும் பழைய நூல்களில் சான்று நிறைய உண்டு. மூன்றாவதற்கான சான்று சிதறலாகவே கிடைக்கிறது.

ஆப்பிரிக்காவிலிருந்து தெற்காசியா வழியாக வட ஆஸ்திரேலியா வரை இக்கொடி காணப்படுகிறது. இலை போலத் தோன்றும் மெல்லிய ஊசிகள் உண்மையில் உருமாறிய கிளைகளே. வெண்ணிறச் சிறு பூக்கள் மணமுள்ளவை, பழம் சிவப்பு. மண்ணுக்கடியில் கொத்துக்கொத்தாக, விரல் பருமனில் கிழங்குகள் இறங்கும். மருந்துக்கு எடுக்கும்போது கிழங்கை மண் போகக் கழுவி, மேல்தோலைச் சீவி, கத்தியால் நீளவாக்கில் கீறி, நடுவே ஓடும் நாரை உருவி எறிய வேண்டும். நார் அறுபடாமல் முழுசாக வருவது கைப்பழக்கத்தால்தான். மிஞ்சும் வெண்ணிறச் சதையைப் பச்சையாக இடித்துச் சாறு பிழிவதும், பாலில் அவித்து உலர்த்திப் பொடிப்பதும் வழக்கம். உலர்ந்த கிழங்கு நீளவாக்கில் சுருக்கம் விழுந்து மஞ்சள் கலந்த வெள்ளையாகிவிடும். நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பது இதுவே.

எழுத்துச் சான்றுகளில் மிக விரிவானவை சம்ஹிதைக் காலத்தவை. சரக சம்ஹிதை உடலுக்கு வலுவூட்டும் மூலிகைகளின் தொகுப்பிலும், முதுமையைத் தள்ளிப்போடும் மூலிகைகளின் தொகுப்பிலும் ‘அதிரசா’ என்றொரு பெயரைச் சொல்கிறது. 11-ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் சக்ரபாணிதத்தர் அது சதாவரியே என்கிறார். இந்த அடையாளத்தைப் பலரும் ஏற்றாலும், மூலத்தில் இருப்பது அவர் தந்த பெயரன்று என்பதை மறக்கலாகாது.

காமத்தைப் பெருக்கும் முறைகளுக்குச் சரகம் தனி அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறது. சிகிச்சைப் பகுதியின் இரண்டாம் அத்தியாயமான வாஜீகரணம் அது. நான்கு பாதங்களாக நீள்கிறது. அதில் மருந்து உண்பவன் ஆண். மனத்துக்கு இனிய பெண்ணே வாஜீகரணங்களில் தலையாயது என்று அந்நூல் கூறும்போது பெண்ணும் மருந்துப் பட்டியலில் சேர்ந்துவிடுகிறாள். அவளுடைய இச்சை குறைந்தால் என்ன கொடுப்பது என்ற கேள்விக்கு அங்கே இடம் தரப்படவில்லை.

விடைக்கு நெருக்கமான ஒன்று அதே பகுதியின் 30-ஆம் அத்தியாயத்தில், பெண்குறி நோய்களைப் பேசும் இடத்தில் கிடைக்கிறது. பெரிய சதாவரி நெய் என்று பிற்காலத்தார் அழைக்கும் மருந்து அது. 4 துலாம், அதாவது 400 பலம் கிழங்கை இடித்துப் பிழிந்த சாறு. அதற்குச் சமமாகப் பால். ஆடகம் என்ற பழைய அளவையில் ஒன்று நெய். இவற்றோடு திராட்சை, அதிமதுரம் முதலியவற்றை அரைத்துச் சேர்த்துக் காய்ச்ச வேண்டும். இறக்கி ஆறியபின் தேனும் திப்பிலியும் வகைக்கு 8 பலம், சர்க்கரை 10 பலம் கலப்பார்கள். தேனை ஆறியபின்பே சேர்க்கச் சொல்வது ஆயுர்வேதம் விடாமல் காக்கும் விதி. பிறப்புறுப்புக் கோளாறு, இரத்தக் கோளாறு, விந்துக் கோளாறு மூன்றையும் இந்நெய் போக்கும் என்றும், ‘விருஷ்யம்’, அதாவது காமவலு தருவது என்றும் நூல் சொல்கிறது. இவ்வலு பெண்ணுக்கா, அவள் கணவனுக்கா, இருவருக்குமா? நூல் பிரித்துச் சொல்லவில்லை. அத்தியாயம் பெண்களின் நோயில் தொடங்குவதால் பெண்ணையும் சேர்த்தே கொள்ளலாம் என்பது ஒரு வாசிப்பு. அதே அத்தியாயத்தில் ஆண்களின் விந்துக் குறைகளும் வருவதால் இது உறுதியாகாது என்பது மற்றொன்று. சிகிச்சைப் பகுதியின் பிற்பகுதி அத்தியாயங்கள் பின்னாளில் நூலை நிறைவு செய்த திருடபலர் சேர்த்தவை என்று பொதுவாகக் கருதப்படுகிறது. எவையெவை அவருடையவை என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு.

வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம், கருத்தரிக்க உதவும் ‘பல கிருதம்’ என்ற நெய்யில் சதாவரியையும் அமுக்கராவையும் ஒன்றாகச் சேர்க்கிறது. காமசூத்திரத்தின் கடைசிப் பகுதியான ஏழாம் அதிகரணத்தில் சதாவரி, நெருஞ்சி, வெல்லம், திப்பிலி, அதிமதுரம், பசும்பால், ஆட்டு நெய் கொண்ட ஒரு கலவை வருகிறது. அதுவும் ஆணை முன்வைத்தே சொல்லப்படுகிறது. குழந்தை மருத்துவ நூலான காசியப சம்ஹிதையில் சதகுப்பைக்கும் சதாவரிக்கும் சேர்த்து ஓர் அத்தியாயமே உண்டு. பெண்களை முன்வைத்து இம்மூலிகையைப் பேசும் பழைய பகுதிகளில் இது குறிப்பிடத்தக்கது. ஆனால் நேபாளத்தில் கிடைத்த சிதைந்த சுவடியைக் கொண்டு 1938-இல் பதிப்பிக்கப்பட்ட அந்நூலில் இடைவெளிகள் பல; காலமும் முடிவாகவில்லை. 16-ஆம் நூற்றாண்டில் பாவப்பிரகாசம் கிழங்கின் குணங்களைத் தொகுத்தபோது தாய்ப்பாலும் விந்துவும் பெருகும் என்றது.

தமிழ்ச் சித்த மருத்துவம் இக்கிழங்கை இனிப்புச் சுவையும் குளிர்ச்சித் தன்மையும் உடையதாக வகுக்கிறது. அகத்தியர், தேரையர் பெயர்களில் வழங்கும் நூல்களின் காலம் பற்றி அறிஞர்கள் ஒத்த முடிவுக்கு வரவில்லை. முருகேச முதலியாரின் குணபாட மூலிகை வகுப்பு உள்ளிட்ட பிற்காலத் தொகுப்புகள் இதை உரமாக்கி, பாற்பெருக்கி, ஆண்மைபெருக்கி என்கின்றன. பெரும்பாடு, வெள்ளைப்படுதல், உடற்சூடு ஆகியவற்றால் இளைத்த பெண்ணுக்குத் தண்ணீர்விட்டான் நெய்யும் லேகியமும் தருவது வைத்தியர் வழக்கம். உடம்பு தேறினால் நாட்டமும் தானே திரும்பும் என்பதே இதன் அடிப்படைக் கருத்து. பெண்ணின் இச்சையைத் தனியே பெயர் சொல்லாமல், உடல்நலத்தின் ஒரு பகுதியாக வைத்துப் பார்த்த இந்த அணுகுமுறையில் மதிக்கத்தக்க நிதானம் இருக்கிறது. அதே காரணத்தால்தான் இச்சை பற்றிய பதிவும் நமக்குக் கிடைக்காமல் போயிற்று.

ஐரோப்பியர் பதிவுகளில், 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த ஹோர்டஸ் மலபாரிக்கஸ் இக்கொடியைச் சேர்த்திருக்கிறது. அந்நூலுக்கு மூலிகை அறிவைத் தந்தவர்களில் முதன்மையானவர் சேர்த்தலைப் பக்கத்து வைத்தியர் இட்டி அச்சுதன். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பார்மகோகிராஃபியா இண்டிகா என்ற மருந்து நூலும் இதை விவரித்தது.

வீட்டு வழக்கம் நூல்களில் அதிகம் ஏறவில்லை. பூப்பெய்திய பெண்ணுக்கு நல்லெண்ணெயும் கருப்பட்டியும் சேர்த்த உளுந்தங்களி, பிள்ளை பெற்றவளுக்குப் பிரசவ லேகியம் என்று தமிழகத்துப் பாட்டிமார் வைத்திருந்த உணவு வரிசையில், பாலில் கலந்த தண்ணீர்விட்டான் பொடியும் இடம்பெறும். இலங்கையில் இலையும் பயன்படுகிறது. சாத்தாவாரி இலையை இடித்துப் பிழிந்த சாற்றை அரிசிக் கஞ்சியில் விட்டு, தேங்காய்ப்பால் சேர்த்துக் காலையில் சூடாகக் குடிப்பார்கள். பச்சை நிறமும் இளங்கசப்பும் உள்ள அக்கஞ்சிக்குக் கருப்பட்டித் துண்டு ஒன்றைக் கடித்துக்கொள்வது பொருத்தம். கிழங்கைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்து மிட்டாய் போல உண்பதும் இந்தியாவில் பழகிய ஒன்று.

தற்கால ஆய்வுகள், சதாவரின்கள் எனப்படும் ஸ்டீராய்டு சபோனின்களைக் கிழங்கில் கண்டறிந்துள்ளன. இவை ஈஸ்ட்ரோஜனைப் போலச் செயல்படக்கூடும் என்ற கருத்து உண்டு. மனிதரிடம் அது நிறுவப்படவில்லை. தாய்ப்பால் பற்றிய சோதனைகளே முரண்படுகின்றன: 1996-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு பயன் காணவில்லை, 2011-இல் வெளியான மற்றொன்று புரோலாக்டின் உயர்ந்ததாகக் கூறியது. பெண்களின் பாலியல் நாட்டம் குறித்து 2015-இல் வந்த சிறு ஆய்வுகள் அமுக்கரா, வெந்தயம் ஆகியவற்றின் சாறுகளைப் பற்றியவை, சதாவரியைப் பற்றியவை அல்ல. அமுக்கரா ஆய்வில் பங்கேற்ற பெண்கள் 50 பேர். எலிகளில் நடந்த ஒரு சோதனை கருவுக்குத் தீங்கு நேர்ந்ததைக் காட்டியதால், கருவுற்ற பெண்கள் மருத்துவரைக் கேளாமல் இதை உண்ணக் கூடாது.

கிழங்கைத் தோண்டி எடுத்தால் பெரும்பாலும் கொடியும் போய்விடும் என்பதால் காட்டிலிருந்து சேகரிப்பது கவலை தருகிறது. தேசிய மருத்துவத் தாவர வாரியம் சாகுபடியை ஊக்குவிக்கிறது. சந்தையில் இதே பேரினத்தின் வேறு கொடிகளின் வேர்களும் சதாவரி என்ற பெயரில் கலந்து விற்கப்படுகின்றன.