லண்டன் பஸ்ஸின் மாடிப்படிகள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

நடந்தால் இதயத்துக்கு நல்லது என்று டாக்டர் சொன்னால் இன்று யாரும் வியப்பதில்லை. காலங்காலமாகத் தெரிந்த விஷயம்தானே என்று தலையாட்டுகிறோம். ஆனால் எண்ணிக் கணக்கிட்டு அதற்குச் சான்று தேடிய வரலாறு நூறு ஆண்டுகூட ஆகாதது. அதன் முக்கியமான அத்தியாயம் லண்டன் நகர பஸ்களில் நடந்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்த காலம். பிரிட்டனில் நடுத்தர வயது ஆண்கள் மாரடைப்பால் இறப்பது கூடிக்கொண்டே வந்தது. காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. போர்க்காலத்தில் ராணுவ மருத்துவராக இந்தியாவிலும் பணியாற்றிய ஜெர்ரி மோரிஸ், ஊர் திரும்பி இந்த ஆய்வில் இறங்கினார். செய்யும் வேலைக்கும் இதய நோய்க்கும் தொடர்பு உண்டா என்பதே அவருடைய கேள்வி.

லண்டன் போக்குவரத்து நிறுவனத்தில் வேலை பார்த்த, 35 முதல் 64 வயது வரையிலான சுமார் 31,000 ஆண்களின் பதிவுகளை அவருடைய குழு ஆராய்ந்தது. 1949, 1950 ஆண்டுகளின் கணக்கில் இதய நோய் கண்டவர்கள், டிரைவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 2.7 பேர், கண்டக்டர்களில் 1.9 பேர். கண்டக்டர்களுக்கு நோய் வந்தாலும் பிந்திய வயதில் வந்தது. உயிரைப் பறித்ததும் குறைவு.

இருவருக்கும் ஒரே நிறுவனம், ஒரே பஸ், ஒரே தெரு. வித்தியாசம் எங்கே? டிரைவர் வேலை நேரம் முழுக்க ஏறக்குறைய உட்கார்ந்தே இருந்தார். அவை மாடி பஸ்கள் என்பதால், கண்டக்டர் டிக்கெட் கொடுக்க நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் ஏறினார்.

உடனே அறிவித்துவிட மோரிஸ் அவசரப்படவில்லை. நெரிசலில் வண்டி ஓட்டும் மன அழுத்தம்தான் டிரைவரின் இதயத்தைக் கெடுக்கிறதோ? இந்தச் சந்தேகம் தீர, வண்டி ஓட்டாத ஆட்களை ஒப்பிட வேண்டும். தபால் துறையைப் பார்த்தார். நடந்தும் சைக்கிளிலும் கடிதம் கொடுத்த தபால்காரர்களைவிட, உட்கார்ந்து வேலை பார்த்த குமாஸ்தாக்களுக்கும் டெலிபோன் ஆபரேட்டர்களுக்கும் மாரடைப்பு அதிகம். அதன் பிறகே, 1953-ல், 'லான்செட்' மருத்துவ இதழில் கட்டுரை வெளியானது.

இன்னொரு சந்தேகம் மிச்சமிருந்தது. பருமனான உடல்வாகு உள்ளவர்களே டிரைவர் வேலையைத் தேர்ந்தெடுக்கிறார்களோ? இதற்கு அவருடைய குழு எதை எடுத்துப் பார்த்தது தெரியுமா? நிறுவனம் தைத்துக் கொடுத்த சீருடைகளின் அளவுப் பதிவேட்டை! டிரைவர்களின் கால்சட்டை இடுப்பளவு கண்டக்டர்களுடையதைவிடப் பெரிதாகவே இருந்தது. தங்கள் முடிவுக்குச் சங்கடமான இந்த உண்மையை மறைக்காமல் 1956-ல் வெளியிட்டார்கள். ஒரே இடுப்பளவு உள்ளவர்களை ஒப்பிட்டபோதும் கண்டக்டர்களுக்கே ஆபத்து குறைவு என்பதும் தெரிந்தது. சந்தேகம் குறைந்தது, முழுக்கத் தீரவில்லை.

ஆகவே அடுத்து, எல்லோருமே உட்கார்ந்து வேலை செய்யும் இடத்துக்குப் போனார். 1968 முதல் 1970 வரை சுமார் 17,000 அரசு அலுவலர்களிடம் திங்கட்கிழமை காலையில் ஒரு தாளைக் கொடுத்து, போன வெள்ளியும் சனியும் ஐந்து ஐந்து நிமிடமாக என்ன செய்தீர்கள் என்று எழுதி வாங்கினார்கள். ஓய்வு நேரத்தில் நன்றாக மூச்சு வாங்கும்படி உடற்பயிற்சி செய்தவர்களுக்கு ஆபத்து மற்றவர்களில் மூன்றில் ஒரு பங்குதான் என்று 1973-ல் தெரிந்தது. அலுவலக வேலையில் இருப்பவர்களுக்கும் வழி உண்டு என்று ஆயிற்று.

இனி வருவதை என் பழைய மாணவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். அமெரிக்காவில் ரால்ஃப் பாஃபன்பார்கர் என்ற மருத்துவர், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் படித்து வெளியேறிய சுமார் 17,000 ஆண்களை ஆராய்ந்து 1978-ல் முடிவை வெளியிட்டார். கல்லூரி அணியில் ஆடிய வீரர்கள் பின்னாளில் உடலுழைப்பை விட்டுவிட்டால், பழைய விளையாட்டு அவர்களைக் காக்கவில்லை. படிக்கும்போது மைதானத்தையே மிதிக்காதவர்கள் பிற்காலத்தில் உடலை இயக்கியபோது பலன் பெற்றார்கள். பிறவி உடல்வாகு மட்டுமே காரணம் என்ற வாதம் இங்கே பெரிதும் வலுவிழந்தது.

இந்த இருவருக்கும் சேர்த்து 1996-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி விளையாட்டு அறிவியலுக்கான பரிசு வழங்கியது. மோரிஸ் 2009-ல், 99 வயதில் காலமானார்.

பள்ளியில் சடுகுடுவிலும் ஓட்டப்பந்தயத்திலும் கோப்பை வாங்கியவர்கள் உங்களில் பலர் உண்டு. அந்தக் கோப்பை அலமாரிக்கு அழகு. இதயத்துக்கு இன்றைய நடைதான் கணக்கு. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து விளையாட்டு பீரியடைத் தட்டிக்கழித்தவர்களே, உங்களுக்கும் வாசல் திறந்தே இருக்கிறது. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் வேகமாக நடக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு நாளைக்கு அரை மணி வீதம் ஐந்து நாள். நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ இருப்பவர்கள் முதலில் டாக்டரைப் பாருங்கள். மற்றவர்கள் நாளைக் காலையே செருப்பை மாட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்