முன்செலுத்திய செலவும் மறையும் சொத்தும்: ஒரு வகைப்பாட்டுப் பிழையின் நிதிநிலை விளைவுகள்

வரும் ஆண்டின் பயனுக்காக முன்கூட்டிச் செலுத்திய தொகையை, செலுத்திய ஆண்டின் செலவாகவே எழுதிவிடும் பிழைக்கு இரண்டு சமாதானங்கள் சொல்லப்படுகின்றன. இலாபத்தைக் குறைத்துக் காட்டுவதால் அது தீங்கற்றது என்பது ஒன்று. அடுத்த ஆண்டில் தானே சரியாகிவிடும் என்பது மற்றொன்று. இரண்டும் ஏற்கத்தக்கவை அல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மார்ச் 31இல் கணக்கு முடிக்கும் ஒரு நிறுவனம், ஜனவரி 1 அன்று ஓராண்டுக் காப்பீட்டுக்கு 12 லட்சம் ரூபாய் பிரீமியம் செலுத்துவதாகக் கொள்வோம். கழிந்த மூன்று மாதங்களுக்குரிய 3 லட்சமே அவ்வாண்டின் செலவு. எஞ்சிய 9 லட்சம் நடப்புச் சொத்து. முழுத்தொகையும் செலவில் பற்று வைக்கப்பட்டால், வரிக்கு முந்தைய இலாபமும் நடப்புச் சொத்தும் தலா 9 லட்சம் குறையும். இருப்பாய்வு சமனாகவே இருக்கும். வங்கிச் சரிகட்டும் பட்டியலும் பிழையைக் காட்டாது.

முதல் சமாதானத்தை நடப்பு விகிதமே மறுக்கிறது. உண்மையான நடப்புச் சொத்து 60 லட்சம், நடப்புப் பொறுப்பு 40 லட்சம் எனில் விகிதம் 1.5. பிழைக்குப்பின் அது 1.275. தாண்டன் குழுவின் இரண்டாம் கடன் முறையிலிருந்து பிறந்து, இந்திய வங்கிகள் நெடுங்காலமாக அளவுகோலாகக் கொண்ட 1.33க்கு இது கீழே. நலமான நிறுவனம் நலிந்ததாகத் தோன்றுகிறது. முன்னெச்சரிக்கைக் கொள்கையும் இங்கே துணைக்கு வராது. அது நிச்சயமின்மைக்கு உரியது. காப்பீட்டுக் காலமோ ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

இரண்டாம் சமாதானம் பாதி உண்மை. அடுத்த ஆண்டு இலாபம் 9 லட்சம் கூடி, ஈராண்டுக் கூட்டுத்தொகை சரியாகும். ஆனால் இடையில் மார்ச் 31 அன்று விலகிய கூட்டாளி இழந்த பங்கு தானாகத் திரும்பாது. ஆண்டுதோறும் அதே பிரீமியம் புதுப்பிக்கப்பட்டால், இரண்டாம் ஆண்டு முதல் இலாப நட்டக் கணக்கு சரியாகத் தோன்றும். இருப்புநிலைக் குறிப்பிலோ 9 லட்சம் ஒவ்வோர் ஆண்டும் விடுபடும். பிரீமியம் 16 லட்சமாக உயர்ந்தால் அவ்வாண்டு இலாபம் மீண்டும் 3 லட்சம் குறையும்.

வருமான வரியைக் காரணம் காட்டுவோரும் உண்டு. சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் இண்டஸ்ட்ரியல் இன்வெஸ்ட்மென்ட் கார்ப்பரேஷன் வழக்கில் (1997), கடன் பத்திரத் தள்ளுபடியான 3 லட்சம் ரூபாயைப் பத்திரத்தின் 12 ஆண்டுக் காலத்துக்கும் பகிர வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். முழுவதையும் ஓராண்டில் கழித்தால் அவ்வாண்டின் இலாபச் சித்திரம் திரியும் என்பது அதன் காரணம். டபாரியா டூல்ஸ் வழக்கிலோ (2015), ஏட்டில் பகிர்ந்து எழுதப்பட்ட முன்பண வட்டியைச் செலுத்திய ஆண்டிலேயே முழுமையாகக் கழிக்க அனுமதித்தது. வரிக் கழிவும் ஏட்டுப் பதிவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பது இதிலிருந்து தெளிவு. ஆகவே, வரிச் சலுகையை நாடி ஏட்டைத் திரிக்கத் தேவையே இல்லை.

நிறுவனங்கள் சட்டம், 2013இன் 128ஆம் பிரிவு அக்ரூவல் முறையைக் கட்டாயமாக்குகிறது. சிறு தொகைகளை உடனே செலவெழுத முக்கியத்துவக் கொள்கை இடம் தரும். அதற்கான வரம்பை முன்கூட்டியே வகுத்து, ஆண்டுதோறும் மாறாமல் பின்பற்ற வேண்டும். வரம்பைத் தாண்டிய பிழை பின்னர் தெரியவந்தால், இண்ட் ஏஎஸ் 8 என்ற கணக்கியல் தரம் பொருந்தும் நிறுவனங்கள் முந்தைய ஆண்டின் ஒப்பீட்டு எண்களையே திருத்தி வெளியிட வேண்டும். தானே சரியாகும் என்று காத்திருக்க அத்தரம் இடம் தரவில்லை. ஒவ்வோர் ஆண்டின் கணக்கையும் நம்பி முடிவெடுப்பவர்கள் அந்தந்த ஆண்டிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்குரிய உண்மை அந்த ஆண்டிலேயே கிடைத்தாக வேண்டும்.