அல்பிரூனி பார்த்த கல்லும் மூதூர் மணலும்



விஞ்ஞானப் பாடத்தில் பாறைகள் பற்றிய அலகு வந்தால் பிள்ளைகள் தீப்பாறை, அடையற்பாறை, உருமாறிய பாறை என்று மூன்று பெயரையும் மனனம் செய்துவிடுகிறார்கள். பரீட்சைக்கு அது போதும். ஆனால் இந்தக் கல்வி எப்படிப் பிறந்தது என்பதையும் நாங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

கி.பி. 973இல் குவாரிஸ்மில் பிறந்தவர் அல்பிரூனி. சுமார் 1030இல் இந்தியாவைப் பற்றி எழுதிய நூலில் ஒரு விடயத்தைக் குறிப்பிடுகிறார். மலைக்குக் கிட்ட, ஆறு வேகமாக ஓடும் இடத்தில் கற்கள் பெரிது. தூரம் போகப் போக, ஓட்டம் குறையக் குறைய, கற்களும் சிறுக்கின்றன. கடலை நெருங்கும்போது வெறும் மணல்தான். ஆகவே இந்தச் சமவெளி ஒருகாலம் கடலாக இருந்து, ஆறுகள் கொண்டுவந்த வண்டலால் நிரம்பியிருக்க வேண்டும் என்று அவர் முடிவுக்கு வந்தார்.

அதே காலத்தவரான இப்னு ஸீனா (980–1037) தமது 'அஷ்ஷிஃபா' நூலில், நிலம் உயர்வதாலும் நீர் அரிப்பதாலும் மலைகள் உருவாகின்றன என்றார். கல்லுக்குள் கடலுயிர்களின் தடயம் இருப்பதால் அந்த நிலம் முன்பு கடலுக்குள் இருந்தது என்றும் எழுதினார். அந்தப் பகுதி லத்தீனுக்குப் போனபோது, நெடுங்காலம் அரிஸ்டோட்டில் எழுதியதாகவே ஐரோப்பாவில் கருதப்பட்டது.

இதைச் சொல்வது "எல்லாம் நம்மவர்கள் கண்டுபிடித்தது" என்று பெருமையடிக்க அல்ல. படைகளின் ஒழுங்கை 1669இல் ஸ்டெனோ விளக்கினார். பூமியின் நீண்ட வயதை 1788இல் ஹட்டன் எடுத்துக்காட்டினார். அறிவு பல கைகள் மாறித்தான் வளர்ந்தது. அல்பிரூனியிடம் நாம் எடுக்க வேண்டியது அவர் பார்த்த முறையை.

அதற்கு நம் பிரதேசத்தை விட நல்ல வகுப்பறை ஏது? 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி, மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவில் கடலில் கலக்கிறது. கண்டிக்குச் சுற்றுலா போகும் பிள்ளைகள் அங்கே ஆற்றுக்குள் பாறைகளைப் பார்க்கிறார்கள். இங்கே நம் காலடியில் மணல். இரண்டையும் இணைத்து யோசிக்கத்தான் யாரும் சொல்லவில்லை.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். ஊரில் கிணறு வெட்டும்போது எத்தனை அடியில் என்ன மண் வந்தது என்று மூத்தாப்பாமாரிடம் கேட்டு எழுதிவரப் பிள்ளைகளை அனுப்புங்கள். அந்தக் கொப்பியே இந்த அலகின் முதல் பக்கமாக இருக்கட்டும்.