குறையும் குற்றமும்: தில்லியில் ஆம்புட்ஸ்மன் பதவி கடந்து வந்த பாதை

தமிழில் குறை வேறு, குற்றம் வேறு. ஓய்வூதியக் கோப்பு ஓராண்டாக ஒரே மேசையில் கிடந்தால் அது ஓய்வு பெற்றவரின் குறை. அக்கோப்பை நகர்த்துவதற்கு எழுத்தர் கையூட்டுக் கேட்டால் அது குற்றம். குற்றத்தை விசாரிக்கக் காவல்துறையும் நீதிமன்றமும் உண்டு. குறையைக் கேட்பவர் யார்? இவ்வினாவுக்கு விடையாகத் தோன்றியதே ஆம்புட்ஸ்மன் என்னும் பதவி. நம் மாணவர்கள் இதனை ‘ஊழல் ஒழிப்பு’ என்ற தலைப்பின்கீழ் மட்டுமே படிக்கின்றனர். அவ்வாறு ஆனது தற்செயலன்று. அதற்கு அறுபதாண்டு வரலாறு உண்டு.

ஆம்புட்ஸ்மன் என்பது சுவீடிய மொழிச் சொல். பிறர் சார்பில் செயற்படும் பேராள் என்று பொருள். 1809ஆம் ஆண்டு அரசமைப்பின்படி சுவீடன் இப்பதவியை உருவாக்கியது. மறு ஆண்டில் லார்ஸ் ஆகஸ்டின் மன்னர்ஹெய்ம் முதல் ஆம்புட்ஸ்மனாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதிகாரிகளும் நீதிபதிகளும் சட்டத்தின்படி நடக்கின்றனரா என்று கண்காணிப்பதும், தவறியோர்மீது வழக்குத் தொடுப்பதும் அவர் கடமை. 1955இல் டென்மார்க்கில் இப்பொறுப்பை ஏற்ற சட்டப் பேராசிரியர் ஸ்டீபன் ஹுர்விட்ஸ் காலத்தில் பதவி வேறொரு வடிவம் பெற்றது. குடிமகனின் மனுவை எடுத்துக்கொண்டு, உரிய கோப்பை வரவழைத்துப் படித்து, அலுவலகம் தவறியிருந்தால் காரணம் காட்டித் தம் கருத்தை எழுதுவது அவ்வடிவம். அவருக்கு ஆணையிடும் அதிகாரம் இல்லை. நடுநிலையோடு எழுதிய சொல்லை நாடாளுமன்றமும் மக்களும் மதிப்பர் என்பதே அவருடைய வலிமை. பிற நாடுகள் பெரிதும் பின்பற்றியது இந்த வடிவத்தையே.

காமன்வெல்த் நாடுகளுள் முதலாவதாக நியூசிலாந்து 1962இல் இதனை ஏற்றது. அங்கே முதலில் அமர்ந்த சர் கை பவுல்ஸ், அதற்குச் சற்று முன்புவரை தில்லியில் நியூசிலாந்தின் ஹை கமிஷனராக இருந்தவர். அவர் பணி தொடங்கிய மறு ஆண்டில், ஜோத்பூர் தொகுதியின் சுயேச்சை உறுப்பினர் எல்.எம். சிங்வி, இத்தகைய பதவி இந்தியாவுக்கும் வேண்டும் என்று மக்களவையில் வாதிட்டார். ‘லோக்பால்’ என்ற சொல்லைப் படைத்தவரும் அவரே. மக்களைக் காப்பவர் என்பது அதன் பொருள்.

அதே காலத்தில் தில்லியில் மற்றொரு முயற்சியும் நடந்துகொண்டிருந்தது. உள்துறை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி 1962இல் ஊழல் தடுப்புக் குழு ஒன்றை அமைத்தார். அதன் தலைவர் தஞ்சை மண்ணைச் சேர்ந்த கே. சந்தானம். ஊழலின் வேர்கள் நிர்வாகத் தாமதத்திலும், சிக்கலான நடைமுறையிலும், அலுவலரின் விருப்புரிமை அதிகாரத்திலும் உள்ளன என்று அக்குழு கண்டது. ஆகவே, தான் பரிந்துரைத்த மத்திய கண்காணிப்பு ஆணையத்தில் ஊழலை விசாரிக்க ஒரு பிரிவும், பொதுமக்களின் குறைகளைத் தீர்க்க மற்றொரு பிரிவும் இருக்க வேண்டும் என்றது. 1964இல் ஆணையம் அமைந்தது. ஆனால் சுமை மிகும் என்று கருதிய அரசு, குறைதீர்க்கும் பொறுப்பை அதற்குத் தரவில்லை. குறையும் குற்றமும் தில்லியில் பிரிந்த முதல் தருணம் இது.

இரண்டாவது வாய்ப்பு விரைவிலேயே வந்தது. 1966 ஜனவரியில் மொரார்ஜி தேசாய் தலைமையில் நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் அமைக்கப்பட்டது. அது அவ்வாண்டு அக்டோபரில் அளித்த இடைக்கால அறிக்கையின் பொருளே குடிமக்களின் குறைதீர்ப்புதான். அமைச்சர்களையும் செயலாளர்களையும் பற்றிய புகார்களுக்கு லோக்பால், ஏனையோர்க்கு லோக் ஆயுக்தா என இரு பதவிகளை அது பரிந்துரைத்தது. விசாரணை தனியே நடைபெற வேண்டும். நியமனம் கட்சி சாராததாக இருக்க வேண்டும். பதவியிலிருப்பவர் அரசிடமிருந்து எந்த நன்மையையும் எதிர்பார்க்கலாகாது. இவை அது வகுத்த இலக்கணங்களுள் சில.

அதனை ஒட்டி வந்த 1968ஆம் ஆண்டு மசோதாவில் ‘குற்றச்சாட்டு’, ‘குறை’ என்னும் இரண்டுக்கும் தனித்தனி வரையறை இருந்தது. நிர்வாகச் சீர்கேட்டால் ஒருவர் அநீதிக்கோ தகாத இன்னலுக்கோ ஆளாவது குறை எனப்பட்டது. 1969இல் மக்களவை அதனை நிறைவேற்றியது. மாநிலங்களவை நிறைவேற்றுமுன் 1970 டிசம்பரில் மக்களவை கலைக்கப்பட, மசோதா காலாவதியானது. 1971இல் மீண்டும் வந்த மசோதாவும் அவ்வாறே மறைந்தது. நெருக்கடி நிலைக்குப் பின் 1977இல் வந்த மசோதா, அரசியல் பொறுப்பில் இருப்போரின் முறைகேட்டையே பொருளாகக் கொண்டது. குடிமகனின் குறை அதில் இடம்பெறவில்லை. 1985, 1989, 1996, 1998, 2001 என்று அடுத்தடுத்து மசோதாக்கள் வந்தன. பிரதமரை உள்ளடக்குவதா என்ற விவாதம் ஓங்கி ஒலித்தது. விடுபட்ட குறையைப் பற்றிய பேச்சு அந்த ஒலியில் அமிழ்ந்துபோனது.

2011இல் ஜந்தர் மந்தரிலும் ராம்லீலா மைதானத்திலும் அண்ணா ஹசாரே உண்ணாநோன்பு இருந்ததை அனைவரும் அறிவர். பலர் மறந்தது, அவ்வாண்டு டிசம்பரில் மக்களவையில் அறிமுகமான மற்றொரு மசோதாவை. அரசுச் சேவைகளைக் குறித்த காலத்தில் பெறுவதும், குறைகளுக்குத் தீர்வு பெறுவதும் குடிமக்களின் உரிமை என்றது அது. 2014இல் மக்களவையின் காலம் முடிந்தபோது அது காலாவதியானது. லோக்பால் சட்டமோ 2014 ஜனவரி 16 அன்று நடைமுறைக்கு வந்தது. ஊழல் தடுப்புச் சட்டத்தின்கீழ் வரும் குற்றங்களே அதன் வரம்பு. முதல் லோக்பாலாக நீதிபதி பினாகி சந்திர கோஷ் 2019 மார்ச்சில் பதவியேற்றார். 2019-20இல் வந்த 1,427 மனுக்களில் 1,217 மனுக்கள் வரம்புக்கு அப்பாற்பட்டவை. மாநில அரசு அலுவலர்களைப் பற்றிய மனுக்களும் அவ்வாண்டில் ஏராளம். எந்தக் கதவைத் தட்டுவது என்று அறியாமல் மக்கள் எழுதிய மடல்கள் எத்தனை என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

கைவிடப்பட்ட குறை வேறிடத்தில் ஒதுங்கியது. ரிசர்வ் வங்கி 1995இல் வங்கி ஆம்புட்ஸ்மன் திட்டத்தைத் தொடங்கியது. 1998ஆம் ஆண்டு விதிகள் காப்பீட்டுத் துறைக்கு ஆம்புட்ஸ்மனைத் தந்தன. 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கியின் மூன்று திட்டங்கள் ஒன்றாயின. இங்கே பணி ஏறத்தாழ டேனிய முறையில் நடக்கிறது. வாடிக்கையாளர் முதலில் வங்கியிடம் முறையிட வேண்டும். 30 நாளில் விடை வராவிட்டாலோ, வந்த விடை நிறைவளிக்காவிட்டாலோ ஆம்புட்ஸ்மனை நாடலாம். கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வழியாக மனுச் செய்ய இயலாது. ஆம்புட்ஸ்மன் இருதரப்பு ஆவணங்களையும் பெற்று, முதலில் இணக்கத்துக்கு முயல்கிறார். இயலாதபோது காரணங்களோடு தீர்ப்பெழுதுகிறார்.

இப்பதவிக்கு எவரும் இளமையில் நேராக வருவதில்லை. ரிசர்வ் வங்கி தன் அதிகாரிகளை மூன்றாண்டு வரை நியமிக்கிறது. காப்பீட்டுக்கு அத்துறையிலோ, ஆட்சிப் பணியிலோ, நீதித்துறையிலோ பழகியவர்கள் வருகின்றனர். லோக்பால் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வயது 45க்குக் குறையலாகாது. பதவிக்காலம் ஐந்தாண்டு அல்லது 70 வயது வரை. விலகியபின் அரசின்கீழ் ஆதாயப் பதவி ஏற்கவும், ஐந்தாண்டுக்குத் தேர்தலில் நிற்கவும் அவர்களுக்குத் தடை உண்டு. எதிர்பார்ப்பற்றவரே நடுநிலை காக்க இயலும் என்ற 1966ஆம் ஆண்டின் இலக்கணம் இவ்விதியில் உயிரோடிருக்கிறது.

அவ்விலக்கணம் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு வருமான வரி ஆம்புட்ஸ்மன் சான்று. வரித்துறையைப் பற்றிய புகார்களைக் கேட்க 2003இல் உருவான அப்பதவியில் வருவாய்ப் பணி அதிகாரிகளே அமர்த்தப்பட்டனர். புதிய புகார்கள் ஒற்றை இலக்கத்துக்குச் சுருங்கின. 2019 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை அப்பதவியை ஒழித்தது. வேறு வழிகளை மக்கள் நாடியதே காரணம் என்றது அரசு. வரி செலுத்துவோர்க்குக் குறையே இல்லாமற் போயிற்று என்று எவரும் சொல்லவில்லை.

இன்று வங்கி அட்டையில் ஆயிரம் ரூபாய் தவறாகப் பிடிக்கப்பட்டால் கேட்பதற்கு ஓர் ஆம்புட்ஸ்மன் உண்டு. மத்திய அரசு அலுவலகத்தில் ஓய்வூதியக் கோப்பு உறங்கினால், கையூட்டுக் கேட்கப்படாதவரை, லோக்பால் அதைத் தொட இயலாது. இணையத்தில் பதியும் குறை, பெரும்பாலும் எந்தத் துறையைப் பற்றியதோ அத்துறையின் மேசைக்கே திரும்பிச் செல்கிறது. 1968ஆம் ஆண்டு மசோதாவின் அந்த ஒற்றை வரையறையை மீண்டும் சட்டமாக்கக் கோருவோர் இன்று தில்லியில் மிகச் சிலரே. அக்கோரிக்கை உயிர்பெற வேண்டும் என்பதே என் கருத்து. இப்பதவிகளில் பணியாற்றிய நண்பர்கள் மாறுபட்டால் பின்னூட்டத்தில் எழுதுக, உரையாடுவோம்.