வரியும் வயலும் கதிரும்: தென்மாவட்டப் பருத்தி ஆய்வில் அரசு, பல்கலைக்கழகம், ஆலை

ராஜபாளையம் வட்டத்துச் சோழபுரத்தைச் சுற்றிச் சிறு தொலைவுக்குள் பருத்தி ஆய்வின் இரு முனைகளும் உள்ளன. ஒன்று, ஸ்ரீவில்லிபுத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நடத்தும் பருத்தி ஆராய்ச்சி நிலையம். மற்றொன்று, பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் உள்ளிட்ட நூற்பாலைகள். விதையை உருவாக்குவோரும் பஞ்சை நூற்போரும் இவ்வளவு அருகில் இருந்தும், அவர்களுக்கிடையே உறவு ஒரே சீராக இருந்ததில்லை. ஆய்வுக்குப் பணம் தருவது யார், ரகத்தின் தரத்தைச் சொல்வது யார் என்பவற்றைப் பொறுத்தே அது மாறிவந்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

பேல் மீது வரி

கரிசல் பூமியில் அரசின் பருத்தி ஆய்வு, 1901இல் அமைந்த கோவில்பட்டி பண்ணையிலிருந்து வளர்ந்தது. கருங்கண்ணிப் பருத்தியில் நல்ல செடிகளைப் பொறுக்கி மேம்படுத்தும் வேலை அங்கு நடந்தது. 1921இல் இந்திய மத்தியப் பருத்திக் குழு அமைந்தபோது வேளாண் துறையினர், வணிகர், ஆலை அதிபர்கள், விவசாயிகள் எல்லோருக்கும் அதில் இடம் கிடைத்தது. 1923இன் சட்டப்படி, ஆலைகள் பயன்படுத்தும் பேலுக்கும் ஏற்றுமதியாகும் பேலுக்கும் வரி வசூலாகி ஆய்வுக்குச் சென்றது.

அந்தப் பணத்தில் 1924இல் பம்பாய் மாதுங்காவில் ஆய்வகம் எழுந்தது. பயிர்ப் பெருக்க நிபுணர் அனுப்பும் சிறிதளவு பஞ்சின் நீளம், மென்மை, வலிமை ஆகியவற்றை அங்கு அளந்தார்கள். அதையே நூற்று, எந்த நம்பர் நூலுக்குத் தாங்கும் என்றும் சொன்னார்கள். மகசூல் மிகுந்தும் நூற்பில் தேறாத ரகம், விவசாயியின் கைக்குப் போகுமுன்பே அடையாளம் காணப்பட்டது.

பிரிந்த பாதைகள்

1966இல் குழு கலைக்கப்பட்டு, ஆய்வு இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்திடம் சென்றது. மறு ஆண்டு கோவையைத் தலைமையிடமாகக் கொண்டு அகில இந்திய ஒருங்கிணைந்த பருத்தித் திட்டம் தொடங்கியது. பலனும் இருந்தது: எம்.சி.யு. 5 (1968), மிக நயமான நூலுக்குரிய சுவின் (1974) ஆகியவை கோவையில் பிறந்தன. ஆனால் வரி கட்டியவர் என்ற உரிமையில் ஆலை அதிபருக்கு இருந்த நாற்காலி போயிற்று.

1956இல் ஆலைகளும் அரசும் சேர்ந்து கோவையில் அமைத்த ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான ‘சிட்ரா’ வேறு பாதையில் நடந்தது. கழிவுப் பஞ்சு, நூல் அறுதல், ஆள்திறன், மின்செலவு ஆகியவற்றில் ஆலைகளை ஒப்பிட்டு, எட்டவேண்டிய அளவுகோல்களை அது வகுத்தது. ஜின்னிங்வரை வேளாண்மை, அதன்பின் ஜவுளி என ஆய்வு இரண்டாயிற்று.

விதைச் சந்தையின் திருப்பம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் உருவாகி 1996இல் வெளிவந்த எஸ்.வி.பி.ஆர். 2, இறவைக் கோடைப் பருத்தியாகவும், டெல்டாவில் நெல் தரிசுப் பருத்தியாகவும் பரவியது. 2002இல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தபின் நாடெங்கும் தனியார் வீரிய ஒட்டு விதைகள் மேலோங்கின. தமிழக ஆலைகளோ தேவையின் பெரும்பகுதியை குஜராத், மகாராஷ்டிரம் போன்ற மாநிலங்களிலிருந்து வாங்குகின்றன. உள்ளூர் ரகத்தின் தரத்தில் அக்கறை கொள்ள அவற்றுக்கு வணிகக் காரணம் குறைந்தது.

முடிவுரை

இன்றும் மூன்று தரப்பும் செயல்படுகின்றன. குறைவது அவற்றை ஒரே மேசையில் உட்காரவைக்கும் கட்டாயம். 1923இன் ஏற்பாட்டில் பணம் கட்டியவருக்குப் பேச்சுரிமையும், பேசியவருக்குச் சோதனை முடிவும் கிடைத்தன. புதிய ரகத்தை வெளியிடுமுன் அதன் பஞ்சை ராஜபாளையம் ஆலையொன்றின் கதிரில் ஓட்டிப் பார்ப்பதும், அச்செலவில் ஆலை பங்கேற்பதும் அந்த ஏற்பாட்டை இன்றைக்குப் பொருத்தும் எளிய வழியாக அமையும்.