பெருங்கணனியில் ஒரு மொழி குடிபுகுந்த வரலாறு

அமேசன் காட்டு மரமாகிய இறப்பர் 1876ஆம் ஆண்டிலே இலண்டன் கியூப் பூங்காவின் வழியாக இலங்கையின் ஹெனரத்கொடைப் பூந்தோட்டத்தை அடைந்தது. இன்று கேகாலை, இரத்தினபுரி மலைச்சாரல்களில் அதனை எவரும் வந்தேறியெனக் கருதுவதில்லை. மரம் குடிபெயர்வது போலவே கணனிமொழியும் குடிபெயரும். ஓரிடத்திற் பிறந்த மொழியைப் பிறிதோர் இயந்திரத்திற் கட்டி நிறுவுதல் எத்தகைய வேலை என்பதையும், அதனால் நாம் அறியத்தக்கது யாது என்பதையும் ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் ஸ்கிரிப்ட் மொழி என்பது யாதெனத் தெளிதல் வேண்டும். விடியற்காலையிலே பிரட்டுக்களத்தில் நிற்கும் கணக்கப்பிள்ளை தாமே கொழுந்து பறிப்பதில்லை; இன்னார் இன்ன மலைக்கு, இன்னார் கவ்வாத்துக்கு என ஒழுங்குபடுத்துகின்றார். ஸ்கிரிப்ட் மொழியின் தலையாய பணியும் அஃதே. வேறு செய்நிரல்களை முறைப்படி ஏவி, ஒன்றன் விளைவை மற்றொன்றிடம் கையளித்து, நாள்தோறும் வரும் வேலையைத் தானே நடக்கச் செய்யும்.

ஐ.பி.எம். நிறுவனம் 1964ஆம் ஆண்டு ஏப்பிரல் 7ஆம் நாள் சிஸ்டம் 360 என்னும் பெருங்கணனி வரிசையை அறிவித்தது. அதன்வழி வந்த இயந்திரங்களில் எளிய ஸ்கிரிப்ட் மொழியின் தேவை விரைவில் உணரப்பட்டது. இங்கிலாந்தின் ஹேர்ஸ்லி ஆய்வுகூடத்திற் பணியாற்றிய மைக் கவுலிஷோ 1979ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள் அத்தகைய மொழியொன்றை எழுதத் தொடங்கினார். அது மேலிடம் இட்ட பணியன்று. அவர் தம் சொந்த முயற்சி. ஆக்கத்தை நிறுவனத்தின் உள்வலையமைப்பிற் பரப்பி, பயன்படுத்தியோர் கூறிய குறைகளைக் கேட்டுக் கேட்டுத் திருத்தினார். றெக்ஸ் எனப் பெயர்பெற்ற அம்மொழி 1983இல் வி.எம். முறைமையுடன் வெளிவந்தது, பின்னர் எம்.வி.எஸ். முறைமைக்கும் வந்து சேர்ந்தது. அது அம்மண்ணிலேயே முளைத்த பயிராதலின் எழுத்துச் சிக்கல் எதுவும் அதற்கு நேரவில்லை.

பேர்ள் மொழியின் கதை வேறு. அமெரிக்கரான லறி வோல் 1987ஆம் ஆண்டு திசெம்பர் 18ஆம் நாள் வெளியிட்ட இம்மொழி யுனிக்ஸ் இயந்திரங்களிற் பிறந்தது. 1990களின் முற்பகுதியில் ஐ.பி.எம். தன் எம்.வி.எஸ். பணிசெயல் முறைமைக்குள் யுனிக்ஸ் போன்ற சூழலொன்றை அமைத்தபோதுதான் இதற்கு அங்கே வாயில் திறந்தது. அம்முறைமையின் வழித்தோன்றலாகிய ஓ.எஸ். 390இன்மீது, 1998இல் வெளிவந்த பேர்ள் 5.005 குடியேறியது.

கட்டும் முறை நோக்கற்குரியது. சுருக்கிக் கட்டப்பட்ட மூலநிரற் பொதியைப் பெற்று விரித்தல் முதற்படி. அப்போதே எழுத்துக்களை ஒரு குறிமுறையினின்று மற்றொன்றுக்கு மாற்றுதல் வேண்டும். தவறின் தொகுப்பானுக்கு ஒரு வரியும் விளங்காது. அடுத்து, மேக், யாக் என்னுங் கருவிகளுக்கு வேண்டிய கோப்புகளை, முறைமையோடு வந்த மாதிரிக் கோப்புறையிலிருந்து உரிய இடத்திற்குப் படியெடுத்தல் வேண்டும். அதன்பின் ஒரு சிறு செய்நிரல் இயந்திரத்தை வினாவி அறிந்து, அதற்கேற்பக் கட்டும் விதிகளை எழுதும். பின்னர்க் கட்டுதல், சோதித்தல், நிறுவுதல் என மூன்று படிகள். இவற்றுட் சோதித்தலே உயிரானது. அதனை விடுத்து நிறுவுவோன், ஒட்டுக்கட்டிய கன்றின் அரும்பு பற்றியதோ என்று பாராமலே மலையில் நடுபவனை ஒப்பான்.

சோதனையில் வெளிப்பட்ட பெரும் இடர் எழுத்துக்களின் எண்வரிசையே. ஏனைய கணனிகள் பெரும்பாலும் பின்பற்றிய ஆஸ்கி முறையில் ‘ஏ’ என்னும் ஆங்கிலப் பேரெழுத்தின் எண் 65. பெருங்கணனியின் எப்சிடிக் முறையில் அது 193. எண் வேறாதல் மட்டுமன்று, வரிசையும் தொடர்ச்சியற்றது. துளையிட்ட அட்டைகளிலே ஆங்கில எழுத்துக்கள் ஒன்பது, ஒன்பது, எட்டு என மூன்று கூட்டங்களாகத் துளைக்கப்பட்டன. அப்பழைய பிரிவு எப்சிடிக் முறையிலும் நிலைத்தது. ஆகவே 26 எழுத்துக்கள் 41 எண்களின் பரப்பிற் கிடக்கின்றன. இடைப்பட்ட 15 எண்கள் எழுத்துக்குரியனவல்ல. வளைவு அடைப்புக்குறியும் சாய்கோடும் அவ்விடைவெளிகளில் அமர்ந்துள்ளன. ‘முதலெழுத்து முதல் இறுதியெழுத்து வரை’ என்று எழுதிய கட்டளை அயலாரையும் எழுத்தெனக் கொள்ளாதிருக்க, மொழிக்குள்ளேயே தனி ஏற்பாடு செய்யவேண்டியதாயிற்று. அன்றியும், எப்சிடிக் முறையிலேயே கிளைகள் பல. 037 என்னும் கிளையிலும் 1047 என்னும் கிளையிலும் சதுர அடைப்புக்குறிகளின் எண்கள் வேறுபடும்.

குடியேறிய மொழி அங்கே என்றும் வாழும் என்பதற்கும் உறுதியில்லை. புதிய பதிப்புகள் வந்துகொண்டிருக்க, பெருங்கணனியில் அவற்றைச் சோதிப்போர் அருகினர். காலப்போக்கில் மொழி அங்கே இயங்காதாயிற்று. மீண்டும் உழைத்துத் திருத்திய பின்னரே, 2015இல் வெளிவந்த பேர்ள் 5.22 இசட்.ஓ.எஸ். முறைமையில் இயங்குமென அறிவிக்கப்பட்டது. பேணாத தோட்டம் காடாகும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

இச்செய்தி நமக்குத் தொலைவானதென்று கருதற்க. 1991இல் வெளியான யுனிகோட் முதற்பதிப்பில் தமிழுக்கும் இடங்கிடைத்தது. ஆயின் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக வகுத்த அமைப்பைத் தழுவியமையால் அதிலும் இடைவெளிகள் உள. வரிசையும் நெடுங்கணக்கினின்று வேறுபடுகின்றது. ‘ந’வை அடுத்து ‘ன’வும், ‘ர’வை அடுத்து ‘ற’வும் நிற்கின்றன. மலர், மழை, மறை, மனம் என்பது நம் அகராதி ஒழுங்கு. எண்ணை மட்டும் நோக்கும் கணனியோ மனம், மறை, மலர், மழை என அடுக்கும். ‘எழுத்தின் வரிசையே எண்ணின் வரிசை’ என்ற ஆங்கிலப் பழக்கத்தோடு வரும் எந்த மொழியும் தமிழிலே தடுமாறும். நம் நெடுங்கணக்கை அதற்குத் தனியே கற்பித்தல் வேண்டும்.

தோட்டத்து மக்களுக்குப் பெயரின் எழுத்து சிறு செய்தியன்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின் பின்னர் ஏடும் பதிவுமே ஒரு குடும்பத்தின் இருப்புக்குச் சான்றாயின. 2003ஆம் ஆண்டின் சட்டம் அக்குறையைப் பெரிதும் நீக்கியபோதும், தந்தையின் பெயர் ஓர் ஏட்டில் ஒருவிதமாகவும் மகனின் ஏட்டில் வேறுவிதமாகவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருப்பதன் தொல்லையை அறியாத லயன் இல்லை. இனி அவ்வேடுகள் கணனியிற் புகும். பெயரைத் தமிழிலே பிழையின்றி ஏற்று, தமிழொழுங்கில் அடுக்கி, வேண்டியபோது தேடித்தரும் செய்நிரலை எழுதுவோர் யார்? நம்மை அறியாதவர் எழுதின் நம் எழுத்தும் இடைவெளியிற் கிடக்கும் குறியாகவே எண்ணப்படும்.

பேர்ளைப் பெருங்கணனியில் நிறுவியோர் அவ்வியந்திரத்தின் எழுத்துமுறையைப் பழித்து நின்றாரல்லர். அதனை உள்ளவாறு அறிந்து மொழியைத் திருத்தினர், சோதித்தனர், பிழைகண்டவிடத்து மீண்டும் திருத்தினர். நம் மாணவர் கணனியின் மொழிகளைக் கற்கும்போது நெடுங்கணக்கையும் கையோடு கொண்டு செல்வாராக. இரண்டையும் ஒருங்கே அறிந்தவரே இவ்வேலைக்கு உரியவர்.