கோழி வரி வளர்த்த விசுவாசம்: அமெரிக்கப் பிக்கப் வண்டிகளும் உள்நாட்டுப் பற்றும்

அமெரிக்கச் சாலைகளில் ஓடும் எந்தப் பிக்கப் வண்டியிலும் ஓட்டுநர் பக்கத்து முன்கண்ணாடியின் கீழ்மூலையில் ஒரு சிறு பட்டை தெரியும். எழுத்தும் எண்ணும் கலந்த 17 இட அடையாளக் குறி அதில் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் இடத்தில் 1, 4, 5 ஆகியவற்றுள் ஒன்று இருந்தால் வண்டி அமெரிக்காவில் கட்டப்பட்டது. 2 என்றால் கனடா. 3 என்றால் மெக்சிகோ. ஷெவர்லே சில்வராடோ வண்டிகளுள் இந்தியானா மாநிலத்து ஃபோர்ட் வேன் ஆலையில் உருவானவை 1இல் தொடங்கும். ஒன்டாரியோவின் ஓஷாவாவிலிருந்து வந்தவை 2இல் தொடங்கும். மெக்சிகோவின் சிலாவோவிலிருந்து வந்தவை 3இல். விற்பனையகத்தில் மூன்றும் ஒரே வரிசையில் நிற்கும். வாங்குபவருள் எத்தனை பேர் குனிந்து அந்த எண்ணைப் பார்க்கிறார்கள்? அருகில் டொயோட்டா டன்ட்ரா நின்றால் அதன் எண் 5இல் தொடங்கும். அது டெக்சாஸில் கட்டப்பட்டது. ஆனாலும் பேச்சு வழக்கில் சில்வராடோதான் 'நம்ம வண்டி', டன்ட்ரா 'வெளிநாட்டு வண்டி'.

இந்த முரணை ஆய்வாளர்கள் வழக்கமாக வாங்குபவரின் மனத்துக்குள் தேடுகிறார்கள். பொருள் எந்த நாட்டில் பிறந்தது என்பது அதன் மதிப்பீட்டை மாற்றுகிறது என்று ராபர்ட் ஸ்கூலர் 1965இல் காட்டியதிலிருந்து இத்துறை வளர்ந்தது. டெரன்ஸ் ஷிம்ப், சுபாஷ் சர்மா இருவரும் 1987இல் நுகர்வோரின் தன்னாட்டுச் சார்பை அளக்க 17 கூற்றுகள் கொண்ட அளவுகோலை உருவாக்கினார்கள். அவர்கள் ஆராய்ந்த பகுதிகளுள் கார்த் தொழிலின் தலைநகரான டெட்ராய்ட்டில் அந்தச் சார்பு மிகுந்திருந்தது வியப்பில்லை. இவ்வகை ஆய்வுகளின் பயனை நான் மறுக்கவில்லை. ஆனால் அவை விசுவாசத்தை ஏற்கெனவே இருக்கும் ஒரு மனநிலையாக எடுத்துக்கொண்டு அளக்கின்றன. அது எப்படி வந்தது என்ற கேள்வி வெளியே நின்றுவிடுகிறது. பிக்கப் வண்டியைப் பொறுத்தவரை விசுவாசத்தின் வரைபடத்தைப் பெருமளவுக்கு வரைந்தது ஒரு சுங்க வரியும் அதிலிருந்த ஓர் ஓட்டையும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1962இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் அமெரிக்க உறைகோழிக்கு எதிராக வரியை உயர்த்தியது. மேற்கு ஜெர்மனியில் நன்றாக விற்றுக்கொண்டிருந்த அமெரிக்கக் கோழிக்கு அது பேரடி. பேச்சுவார்த்தை பயன் தரவில்லை. 1963 டிசம்பரில் அதிபர் லிண்டன் ஜான்சன் பதிலடி அறிவித்தார்; 1964 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. உருளைக்கிழங்கு மாவுச்சத்து, டெக்ஸ்ட்ரின், பிராந்தி, சிறு சரக்கு வண்டி ஆகிய நான்கின் மீது வரி ஏறியது. சரக்கு வண்டிக்கு 25 சதவீதம். குறி ஃபோக்ஸ்வேகனின் வேனும் பிக்கப்பும்தான். மற்ற மூன்றின் மீதான வரி காலப்போக்கில் தளர்ந்து மறைந்தது. வண்டி வரி மட்டும் அறுபது ஆண்டு கடந்தும் நிற்கிறது. ஜெர்மானியரைத் தண்டிக்க எழுப்பிய சுவர், பிறகு வந்த ஜப்பானியரைத் தடுக்கத்தான் கூடுதலாகப் பயன்பட்டது.

அந்தச் சுவரில் ஓர் ஓட்டை இருந்தது. பின்தொட்டி இல்லாமல் சட்டகமும் ஓட்டுநர் அறையும் மட்டுமாக இறக்குமதியான வண்டிக்கு வரி 4 சதவீதமே. ஆகவே ஜப்பானிலிருந்து கப்பல்களில் தொட்டியில்லாத வண்டிகள் வந்தன. டொயோட்டாவுக்கான தொட்டிகள் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் தயாராகின. துறைமுகம் தாண்டியதும் தொட்டியைப் பூட்டி விற்றார்கள். வெளிநாட்டு நிறுவனங்கள் மட்டும் இந்த வித்தையைச் செய்யவில்லை. 1970களில் ஃபோர்டு பெயரில் விற்ற கூரியரைக் கட்டியது மாஸ்டா. ஷெவர்லே பெயரில் விற்ற லவ் இசுசுவின் வண்டி. உள்நாட்டு முத்திரை, ஜப்பானிய உடல். 1980இல் அரசு இந்த ஓட்டையை அடைத்தது. அடைபட்ட பிறகும் சுபாரு ஒரு குறும்பைத் தொடர்ந்தது. தனது பிராட் வண்டியின் தொட்டிக்குள் பின்னோக்கிய இரண்டு பிளாஸ்டிக் இருக்கைகளைப் பதித்து, பிடித்துக்கொள்ள ஆளுக்கொரு ஜோடிக் கைப்பிடியும் வைத்து, 'இது பயணிகள் கார்' என்று 2.5 சதவீத வரியோடு உள்ளே கொண்டுவந்தது. மழை வந்தால் அந்தப் பயணியின் கதி என்ன என்று சுங்க அதிகாரிகள் கேட்டதாகத் தெரியவில்லை.

இந்த ஓட்டை எந்த வகை வண்டிக்குப் பயன்பட்டது என்பதே முக்கியம். ஜப்பானியர் கொண்டுவந்தவை சிறிய பிக்கப்புகள். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் தோட்டக்காரர், தச்சர், கல்லூரி மாணவர் எனப் பலருக்கு அது முதல் வண்டி ஆயிற்று. ஃபோர்டு ரேஞ்சரும் ஷெவர்லே எஸ்-10உம் 1982 வாக்கில்தான் வந்தன. அதற்குள் சிறுபிக்கப் என்றால் டொயோட்டா, டாட்சன் என்ற பழக்கம் ஊறிப்போயிருந்தது. முழு அளவுப் பிக்கப்பில் கதை வேறு. அங்கே ஜப்பானியர் எவரும் இல்லை. 25 சதவீதத்தைச் சுமந்து வந்த டொயோட்டாவின் டி-100 விற்பனைக்கு வந்தது 1993 மாடலாக. ஆறு சிலிண்டர் எஞ்சினோடு நின்ற அதை வாங்குவோர் முழு வண்டியாக மதிக்கவில்லை. இந்தியானாவின் பிரின்ஸ்டனில் டன்ட்ரா உருவாகத் தொடங்கியது 1999இல்; டெக்சாஸின் சான் அன்டோனியோ ஆலை திறந்தது 2006இல்; மிசிசிப்பியின் கேன்டனில் நிசான் டைட்டன் 2003இல். சுவர் எழுந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டு கழித்து வந்து சேர்ந்தவர்கள் இவர்கள். ஃபோர்டின் எஃப் வரிசை 1977 முதல் நாட்டில் அதிகம் விற்கும் பிக்கப்பாக இருந்துவருகிறது. அந்த நாற்பது ஆண்டில் அப்பன் ஓட்டியதைப் பிள்ளை ஓட்டிப் பழகிவிட்டான்.

விளைவை இன்றும் பார்க்கலாம். நடுத்தர அளவுப் பிக்கப்பில் முன்னணி டொயோட்டா டகோமா. 2023இல் சுமார் 2.3 லட்சம் விற்றது. ஃபோர்டு ரேஞ்சரும் ஷெவர்லே கொலராடோவும் வெகு தொலைவில் பின்னால். முழு அளவில் அதே ஆண்டு எஃப் வரிசை சுமார் 7.5 லட்சம், டன்ட்ரா சுமார் 1.25 லட்சம். வாங்குபவர்கள் ஒரே நாட்டவர். பலர் ஒரே ஊர்க்காரர்கள். தன்னாட்டுப் பற்று என்பது மனத்தில் நிலையாக இருக்கும் அளவு என்றால், வண்டியின் நீளத்துக்கேற்ப அது ஏன் மாற வேண்டும்? கட்டிய இடமும் விடை தராது. டகோமா உற்பத்தி சான் அன்டோனியோவிலிருந்து 2020களின் தொடக்கத்தில் முழுக்க மெக்சிகோவுக்குப் போய்விட்டது, விசுவாசம் குறையவில்லை. டெக்சாஸ்காரன் கட்டிய டன்ட்ரா டெக்சாஸிலேயே போராடுகிறது. டகோமாவைக் கட்டும் ஓர் ஆலை இருப்பது குவானஹுவாட்டோ மாநிலத்தில். சில்வராடோவின் சிலாவோ ஆலை இருப்பதும் அதே மாநிலத்தில். ராம் நிறுவனத்தின் கனரக பிக்கப் வருவது மெக்சிகோவின் சால்ட்டியோவிலிருந்து. அந்த ராமின் தாய் நிறுவனமான ஸ்டெல்லான்டிஸின் தலைமையகமோ நெதர்லாந்தில்.

டெக்சாஸ் நாட்டின் மிகப் பெரிய பிக்கப் சந்தை என்பதால் அங்கே எல்லோரும் மண்ணின் பெயரைச் சொல்லி விற்கிறார்கள். ஷெவர்லே 'டெக்சாஸ் எடிஷன்' என்ற சின்னத்தைக் குத்துகிறது. ராம் 'லோன் ஸ்டார்' என்கிறது. இரண்டும் டெக்சாஸில் கட்டப்படுபவை அல்ல. 2023 இறுதியில் ஆஸ்டினிலிருந்து டெஸ்லா சைபர்டிரக் வரும்வரை அம்மாநிலத்தில் உருவாகிவந்த ஒரே முழு அளவுப் பிக்கப் டன்ட்ராதான். சின்னம் உண்மையை வென்றது.

இங்கே ஒரு மறுப்பை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். டன்ட்ரா தோற்றது விசுவாசத்தால் அல்ல, வண்டியின் குறையால் என்பார்கள். எஃப் வரிசை என்ற பெயரில் எஃப்-150 முதல் கட்டுமானத் தளங்களில் ஓடும் எஃப்-550 வரை சேர்த்து எண்ணப்படுகிறது. டன்ட்ராவில் டீசல் இல்லை, கனரக வகை இல்லை. ஒப்பந்தக்காரருக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் வேண்டிய நூறுவிதத் தொட்டி-அறைச் சேர்க்கைகள் இல்லை. இது சரியான மறுப்பு. மேலே தந்த எண்களை அப்படியே ஒப்பிடக் கூடாது என்பதையும் ஏற்கிறேன். ஆனால் அந்தக் குறை எப்படி வந்தது? நூறுவிதச் சேர்க்கைகளை ஒருவர் கட்ட வேண்டுமானால் ஆண்டுக்குப் பல லட்சம் வண்டி விற்கும் உறுதி வேண்டும். சிற்றூர்தோறும் டீலர் வேண்டும். பழுது பார்ப்பவரின் கொட்டகையில் உதிரிபாகம் கிடக்க வேண்டும். இவையெல்லாம் காப்புச் சுவருக்குள் பொறுமையாகச் சேர்ந்தவை. பொருளின் மேன்மையையும் விசுவாசத்தையும் இரு தனிக் காரணங்களாகப் பிரித்துப் பேசுவது எளிது. இங்கே இரண்டுக்கும் வேர் ஒன்று. பெற்றோர் வாங்கிய கார் பிராண்டையே பிள்ளைகளும் தேர்ந்தெடுக்கும் போக்கு உண்டு என்பதைக் குடும்பங்களைத் தலைமுறையாகப் பின்தொடரும் தரவுகளைக் கொண்டு பொருளியலாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆலைக் குடும்பத்துக்கு நிறுவனம் தரும் விலைத் தள்ளுபடி அப்பழக்கத்துக்கு மேலும் உரமிட்டது. மாமாவின் தள்ளுபடியில் வாங்கிய வண்டி தேசபக்தியின் சின்னமாகவும் ஆகிவிடுவது மனித இயல்புதான்.

விசுவாசத்தின் இன்னொரு ஊற்று தொழிற்சங்கம். அதை மனப்பிரமை என்று தள்ள முடியாது. ஐக்கிய வாகனத் தொழிலாளர் சங்கத்துக்கு டெட்ராய்ட் நிறுவன ஆலைகளில் இடம் உண்டு. சான் அன்டோனியோவிலோ கேன்டனிலோ இல்லை. கேன்டனில் 2017இல் நடந்த வாக்கெடுப்பில் சங்கம் தோற்றது. ஆகவே மிச்சிகன் ஆலைத் தொழிலாளி டன்ட்ராவை வெறுத்தபோது அவர் வெறுத்தது ஜப்பானை மட்டுமல்ல, தன் கூலியைக் கீழே இழுக்கும் தென்மாநில ஆலையையும்தான். அந்த அச்சம் பொருளாதார அறிவுள்ள அச்சம். பல சங்க அலுவலகங்களின் வண்டி நிறுத்துமிடங்களில் வெளிநாட்டு வண்டிக்கு இடமில்லை என்று பலகை வைத்தார்கள். ஆனால் அந்தக் கோபம் கொடிக்கும் முகத்துக்கும் திரும்பியபோது என்ன நடந்தது என்பதற்கு 1982 ஜூன் சாட்சி. சீன வம்சாவளியினரான வின்சென்ட் சின்னை டெட்ராய்ட்டை ஒட்டிய ஹைலண்ட் பார்க்கில் கார்த் தொழிலோடு தொடர்புடைய இருவர் அடித்துக் கொன்றார்கள். அவர்களுக்குக் கிடைத்தது நன்னடத்தைக் கண்காணிப்பும் ஆளுக்கு 3,000 டாலர் அபராதமும். 'அமெரிக்கப் பொருளையே வாங்கு' இயக்கங்களின் வரலாற்றை எழுதிய டேனா ஃபிராங்க், தொழிலாளர் நலனும் இனவெறுப்பும் அவற்றுள் எவ்வளவு நெருக்கமாகப் பின்னிக்கிடந்தன என்று விரிவாகக் காட்டியிருக்கிறார்.

சட்டமும் குழப்பத்தைத் தீர்க்கவில்லை. 1992இல் இயற்றிய சட்டத்தின்படி புது வண்டியின் கண்ணாடியில் உதிரிபாகங்களின் உள்நாட்டுப் பங்கைச் சதவீதமாக ஒட்ட வேண்டும். அந்தச் சதவீதம் அமெரிக்காவையும் கனடாவையும் ஒன்றாகச் சேர்த்துத் தருவது. ஒன்டாரியோ உள்ளூர், சிலாவோ வெளியூர். சுங்கத்துக்கோ வேறு எல்லை. 1994இல் நாஃப்டா என்ற வட அமெரிக்க வணிக ஒப்பந்தம் வந்தபின் மெக்சிகோ வண்டிகளுக்கு 25 சதவீத வரி படிப்படியாக விலகிற்று. மெக்சிகோ சுவருக்கு உள்ளே வந்துவிட்டது. 'உள்நாட்டு'ப் பிக்கப் மெக்சிகோவில் பெருகியதற்குக் காரணம் மலிவான கூலி மட்டுமல்ல, இந்தக் கதவும்தான். கதவுக்கு வெளியே நின்றால் டெட்ராய்ட் நிறுவனமும் தப்பாது. ஃபோர்டு துருக்கியில் கட்டிய டிரான்சிட் கனெக்ட் வேன்களில் பின்னிருக்கை பூட்டிப் பயணிகள் வண்டியாகக் கொண்டுவந்து, பால்டிமோரில் அவற்றைக் கழற்றிச் சரக்கு வேனாக்கியது. வழக்கில் 2019இல் ஃபோர்டுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. 2024இல் 365 மில்லியன் டாலர் கட்டிச் சமரசம் செய்தது. அதே நிறுவனம் சென்னையை அடுத்த மறைமலைநகரில் கட்டிய ஈகோஸ்போர்ட்டை 2018 முதல் சில ஆண்டுகள் அமெரிக்காவில் விற்றது. அது கார் என்பதால் வரிச் சிக்கல் இல்லை. வாங்கியவர்கள் அதை ஃபோர்டாகத்தான் பார்த்தார்கள்.

சிலாவோ தொழிலாளர்கள் இந்தக் கணக்கில் யார்? 2021 ஆகஸ்டில் அவர்கள் பழைய சங்கத்தின் கூலி ஒப்பந்தத்தை வாக்களித்து நிராகரித்தார்கள். 2022 பிப்ரவரியில் சின்டியா என்ற சுயேச்சைச் சங்கத்தைத் தேர்ந்தெடுத்து 8.5 சதவீத ஊதிய உயர்வு பெற்றார்கள். 2021 வாக்கெடுப்புக்கு வழிசெய்தது நாஃப்டாவுக்குப் பதிலாக வந்த புதிய வட அமெரிக்க வணிக ஒப்பந்தத்திலிருந்த தொழிலாளர் உரிமைப் பிரிவு. கூலி வீழ்ச்சி குறித்த மிச்சிகன் தொழிலாளியின் அச்சத்துக்கு, நிறுத்துமிடப் பலகையைவிட இந்த வாக்கெடுப்பு நேரான பதில் என்பது என் கருத்து. பிராண்டுப் பற்று பற்றிய ஆய்வுகள் இதைக் கண்டுகொள்வதில்லை. வாங்குபவரைக் கேட்டு நிரப்பும் வினாத்தாளில் கட்டுபவருக்கு இடமில்லை.

2025 ஏப்ரலில் கார்கள் மீதும் சிறு சரக்கு வண்டிகள் மீதும் 25 சதவீத வரி புதிதாக வந்தது. ஒப்பந்த விதிகளை நிறைவேற்றும் மெக்சிகோ, கனடா வண்டிகளில் அமெரிக்கப் பாகங்களுக்கு மட்டும் விலக்கு. பழைய சுவருக்குள்ளே இன்னொரு சுவர். இக்கட்டுரையின் வாதம் சரியென்றால், இதனால் ஏற்கெனவே வண்டி வைத்திருப்பவர் பிராண்டு மாறமாட்டார். சிலாவோவிலிருந்து ஃபோர்ட் வேனுக்கு உற்பத்தி நகர்ந்தாலும் சில்வராடோக்காரருக்கு அது செய்தியாகவே படாது. மாற்றம் தெரிய வேண்டிய இடம் முதல் பிக்கப் வாங்கும் இளையோர். மெக்சிகோவின் ஹெர்மோசியோவில் கட்டப்படும் ஃபோர்டு மாவெரிக் இன்று அவர்கள் எட்டிப்பிடிக்கக்கூடிய மலிவான பிக்கப்புகளுள் ஒன்று. வரி அதன் விலையை ஏற்றி அவர்களை எந்த விற்பனையகத்துக்கு அனுப்புகிறது என்பதை வட்டாரவாரியான வண்டிப் பதிவுத் தரவுகளில், முதல்முறை வாங்குவோரைத் தனியே பிரித்துப் பத்தாண்டுக்குத் தொடர்ந்து பார்த்தால், இந்த வாதம் நிற்கிறதா விழுகிறதா என்று சொல்லிவிடலாம்.